ஐந்து சுற்று பாக்கி

மைதானத்தில் அவனை எல்லோரும் ‘இன்ஜின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அதைக் கூப்பிட அங்கே யாருக்கும் நேரமில்லை. அவனுக்கு வேலை இரண்டு. ஓடுதளத்தைப் பெருக்குவது, தடைக்கட்டைகளை எடுத்து அடுக்குவது, உள்விளிம்பு அலுமினியப் பட்டையில் ஆணி தளர்ந்தால் முடுக்குவது, இதெல்லாம் சேர்ந்து ஒரு வேலை. இன்னொன்று ஓடுவது. ஜெயிக்க அல்ல, அடுத்தவனை ஜெயிக்க வைக்க.

இது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஐயாயிரம் மீட்டர் பந்தயம் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. முன்னால் ஒருவன் காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றையும் கூட்டாமல் குறைக்காமல் ஒரே வேகத்தில் ஓடிக் கொடுத்தால், அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவனுக்குப் பாரம் பாதி குறையும். ஏழரைச் சுற்று முடிந்ததும், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘இன்னும் ஐந்து’ என்று பலகையைத் திருப்புவார்கள். அந்த இடத்தில் முன்னால் ஓடியவன் இடது காலை உள்பக்கம் எடுத்து வைத்துப் புல்லில் இறங்கிவிட வேண்டும். இறங்கினால் இறங்கியதுதான், திரும்ப ஏறினால் செல்லாது. மிச்ச ஐந்து சுற்றையும் கைதட்டலையும் பின்னால் வந்தவன் எடுத்துக்கொள்வான். முடிவுப் பலகையில் இவன் எண்ணுக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்று வரும். ஏழரைச் சுற்று! பெயரிலேயே விளங்கவில்லையா, உருப்படுகிற விஷயமா இது?

அவன் இப்படி ஓடவா வந்தான்? இருபது வயதில், பெட்டியும் கையுமாக, ஓடி ஜெயிக்கத்தான் வந்தான். வந்த முதல் வருஷமே கோச் தோளில் கை போட்டுக்கொண்டு, “ஒரே ஒரு தடவைடா. நீ கடிகாரம் மாதிரி ஓடற. நம்ம பையனை கொஞ்சம் இழுத்து விட்டுடு, அடுத்த பந்தயம் உனக்குத்தான்” என்றார். அந்த அடுத்த பந்தயம் பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. கோச் மேல் முழுப் பழியையும் போட்டுவிடலாம், எனக்கும் வாய் துறுதுறுக்கிறது. ஆனால் இவனும் ஒரு நாளாவது ‘முடியாது சார்’ என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. நல்லவன் என்று பெயர் வாங்கிவிட்டான், அப்புறம் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே பிழைப்பாகிவிட்டது.

பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்ததை அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவள் அப்பா, “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று கேட்டிருக்கிறார்.

“ஓடறார்” என்றார்களாம்.

“ஜெயிச்சிருக்காரா?”

“ஜெயிக்க வைப்பார்.”

“அப்போ பாதி வழியில நின்னுடுவார்னு சொல்லுங்க” என்றாராம் பெரியவர். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவள் மனதைத் தொட்டது என்று அவள் சொல்வாள். பாவம், கட்டிக்கொண்டாள்.

அவள் சீருடை தைக்கும் கடையில் காலர் வைக்கிறவள். நாள் முழுக்கக் குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். வீடு என்று பார்த்தால் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய். அவன் ஓட்டச் சப்பாத்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் காயும். அவள் ஒரு தடவைகூட அவன் ஓடுவதைப் பார்க்கப் போனதில்லை. “முடிவே இல்லாத சினிமாவுக்கு யாராவது டிக்கெட் எடுப்பாங்களா?” என்பாள். வேடிக்கையாகத்தான் சொல்வாள். அவனுக்கு எங்கேயோ சுருக்கென்று தைக்கும், காட்டிக்கொள்ள மாட்டான்.

முப்பத்தொரு வயது ஆனபோது அவனுக்குள் ஒரு ஆசை பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டது. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பெரிய பந்தயத்தைக் கடைசிவரை ஓடி, தன் எண்ணுக்கு நேரே ஒரு நேரத்தைப் பார்த்துவிட வேண்டும். இத்தனை நிமிஷம், இத்தனை நொடி. அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் தேர்வுப் பந்தயத்துக்கு முன்னால் கோச் எல்லோரையும் மலைக்குக் கூட்டிப் போனார். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், நான்கு வாரம். போனதெல்லாம் ‘தங்கத்து’க்காகத்தான். தங்கம் என்பது கோச் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற பையன், இருபத்திரண்டு வயது, நல்ல ஓட்டக்காரன்தான், குறை சொல்ல முடியாது. கூடவே ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். உயரத்தில் பயிற்சி செய்தால் தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. அவருக்கு ஆறு பேர் வேண்டும், ஓடுகிறவர்கள் ஐந்து பேர்தான் தேறினார்கள். “இன்ஜினையும் சேத்துக்கோங்க, தலை எண்ணிக்கைக்கு ஆகட்டும்” என்றார் கோச். அப்படிப் போய்ச் சேர்ந்தவன் அவன்.

மலைக்கு ஏறும் முன்பே எல்லோருக்கும் தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, தடித்த ஊசி ஒன்றை விட்டு அரிசி அளவு சதை எடுத்தார்கள். தங்கம் ‘அம்மா’ என்று கத்திய கத்தலில் வாசல் வரை கேட்டது. அவனுக்கு இரண்டு நாள் ஓய்வு, பழச்சாறு, கோச்சின் விசாரிப்பு. இன்ஜினிடம், “ஒண்ணும் இல்லடா, எறும்பு கடிச்ச மாதிரிதான். போய் பை எல்லாத்தையும் வண்டில ஏத்து” என்றார்கள். தொடையில் கட்டோடு ஏற்றினான்.

மேலே போன முதல் வாரம் நரகம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தலை விண் விண் என்று தெறித்தது. தண்ணீர் கொதிக்கும், உருளைக்கிழங்கு வேகாது. சமையல்காரர் அடுப்போடு சண்டை போடுவார். கீழே தூங்கிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் அங்கே ஓடினால் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும் போலிருந்தது. டாக்டரம்மா ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் விளக்கினார்.

“உங்க தசை செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டியா இருக்கு. நீங்க சாப்பிடறதை ஆக்சிஜன் வெச்சு எரிச்சு, ஓடறதுக்கு சக்தி பண்றது அதுதான். இங்க காத்துல ஆக்சிஜன் கம்மி. அடுப்புல காத்து பத்தலைன்னா என்ன ஆகும்? புகையும். அந்த மாதிரி உள்ள சில ஆக்சிஜன் துகள்கள் சரியா எரியாம முரட்டுத்தனமா அலையும். செல்லோட சுவரை, புரதத்தை எல்லாம் அரிக்கும்.”

“அப்போ கெடுதல்தானே மேடம்?” என்று தங்கம் பயந்துபோய்க் கேட்டான்.

“முழுக்க கெடுதல்னு சொல்ல முடியாது. அடி விழுந்தாத்தான் செல் முழிச்சுக்கும். தனக்குத் தேவையான காவல் நொதிகளை தானே கூடுதலா தயார் பண்ணும். மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கற ஆக்சிஜனை சிக்கனமா செலவு பண்ணக் கத்துக்கும். அதுக்குத்தான் இவ்வளவு கஷ்டமும்.”

கோச் காதில் ‘அரிக்கும்’ என்பது மட்டும்தான் விழுந்தது. மறுநாளே கீழே ஆள் அனுப்பி, நொதியாவது மண்ணாவது என்று, அந்த அரிப்பைத் தடுக்கிற, அதிக வீரியமுள்ள வைட்டமின் மாத்திரைகளை வரவழைத்தார். விலை கேட்டால் மயக்கம் வரும். தங்கத்துக்கு வேளை தவறாமல் தன் கையாலேயே கொடுத்தார். டாக்டரம்மா, “இது வேணாம் சார், இந்த அளவு போனா உடம்பு தானா கத்துக்கறதை மந்தமாக்கிடலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது” என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். “தங்கத்தை நான் பாத்துக்கறேன், நீங்க ஊசியைப் பாருங்க” என்று வாயை அடைத்துவிட்டார் கோச். இன்ஜினுக்கு மாத்திரை உண்டா? அவனுக்கு எதற்கு? பாதி வழியில் இறங்கப் போகிறவனுக்கு யார் செலவு செய்வார்கள்? அவன் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு, அடியை முழுசாக வாங்கினான்.

மூன்றாவது வாரம் அவன் உடம்பில் ஏதோ திரும்பியது. ஒரு நாள் காலை ஏற்றத்தில் தங்கத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், மூச்சு தானாக வந்து தானாகப் போகிறது. பின்னால் தங்கத்தின் இரைப்பு ரம்பம் அறுப்பதுபோல் கேட்கிறது. “அண்ணா, மெதுவா” என்கிறான். பதினோரு வருஷத்தில் பின்னால் வந்த ஒருவன் இவனிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இவனுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்றது. கடவுளே, இது நான்தானா என்று நினைத்தான். வேகத்தைக் குறைத்துவிட்டான், அது வேறு விஷயம்.

கீழே இறங்கியதும் மறுபடி சதை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா கோச்சையும் இவனையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆறு பேரில் தசை அதிகமாகத் தேறியிருப்பது இன்ஜினுக்குத்தான் என்றார். சக்தி தயாரிப்பு நன்றாக ஏறியிருக்கிறது, காவல் நொதிகளும் ஏறியிருக்கின்றன, ரத்தமும் பரவாயில்லை. தங்கத்துக்கு ரத்தத்தில் கொஞ்சம் மாற்றம் உண்டு, தசையில் போனபடியே வந்திருக்கிறான்.

“மாத்திரையாலதான்னு சொல்றீங்களா?” என்றார் கோச், முகம் சிவந்து.

“ஒருத்தரை வெச்சு அப்படி அடிச்சு சொல்ல முடியாது சார். ஆளுக்கு ஆள் உடம்பு வேற. ஆனா நான் வேணாம்னு சொன்னேன்.” பிறகு இவன் பக்கம் திரும்பினார். “இந்த பலம் ரொம்ப நாள் நிக்காது. மூணு வாரம், போனா நாலு. அதுக்கப்புறம் உடம்பு பழையபடி ஆயிடும். ஓடறதா இருந்தா இப்பவே ஓடிடுங்க.”

தேர்வுப் பந்தயம் அடுத்த வாரம். முதலில் வரும் இரண்டு பேருக்கு அணியில் இடம். இன்ஜின் அங்கேயே, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்று, “சார், இந்த தடவை நான் முடிக்கிறேன்” என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

கோச் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீயுமாடா?” என்றார். டாக்டரம்மா எதிரே இருக்கிறாரே என்ற வெட்கத்திலோ, என்னவோ, கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி. தங்கத்தை எப்பவும் போல ஏழரை வரைக்கும் இழு. அதுல ஒரு நொடி பிசகக் கூடாது. அதுக்கப்புறம் உன் பாடு. ஓடு, யாரு உன் கையைப் பிடிச்சா?”

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். செல், காவல், அடுப்பு, புகை என்று அவனுக்குப் புரிந்ததும் புரியாததும் கலந்து வந்தது. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்போ மாத்திரை குடுக்காம விட்டது உங்களுக்கு நல்லதாப் போச்சுங்கறீங்க.”

“ஆமா!”

“அந்த ஆளோட கஞ்சத்தனத்துக்கு ஒரு கும்பிடு போடணும்” என்றாள். பிறகு நூலை வைத்துவிட்டு, “நான் வரேன்” என்றாள்.

“எங்க?”

“எங்கயா? பந்தயத்துக்கு. லீவு சொல்லிக்கறேன். முடிவு இருக்குல்ல இந்த தடவை?”

இப்படி ஒரு நாளுக்கு அவன் ஏங்கியது யாருக்குத் தெரியும்? அந்த வாரம் முழுக்க அவன் மனதுக்குள் ஓடியதெல்லாம் கடைசி ஐந்து சுற்றுகள்தான். எட்டாவதில் தோளைத் தளர்த்த வேண்டும், பத்தாவதில் தங்கத்தை முன்னால் விடக்கூடாது, கடைசிச் சுற்று மணி அடித்ததும் இருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டும். முதல் ஏழரையைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. அதை எதற்கு நினைக்க வேண்டும்? அது கால்களுக்கே தெரியும்.

பந்தயத்தன்று வெயில் இறங்கியிருந்தது, காற்று இல்லை. அவள் முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே, படிக்கட்டில் மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோச் எப்போதும் நிற்கிற இடத்தில், கோட்டுக்கு உள்பக்கம், நேரக்கடிகாரத்தோடு நின்றார். துப்பாக்கி வெடித்தது. இன்ஜின் முன்னால் போனான், தங்கம் பின்னால் ஒட்டிக்கொண்டான், மற்றவர்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டாவது சுற்றிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு அவன் நாள். கால் தரையில் பட்டதும் தரையே தள்ளிவிட்டது போலிருந்தது. ஐந்தாவது சுற்றில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். ஆறாவதில் தங்கத்தின் மூச்சு கனத்துவிட்டது, செருமுகிறான். இன்ஜினுக்கு வாயைத் திறந்து பாட்டுப் பாடலாம் போலிருந்தது. ஒரு நொடி பிசகவில்லை. கோச் சொன்னது சொன்னபடி, கொடுத்த வாக்குக்குக் குறை வைக்கவில்லை. ஏழரைச் சுற்று முடிகிற வளைவில் திரும்பும்போது, நேர் எதிரே படிக்கட்டில் அவள் புடவை தெரிந்தது. ‘இனிமேல்தான் என் பந்தயம்’ என்று நினைத்தான். அதை அவன் தெளிவாக, வார்த்தையாகவே நினைத்தான். பலகை திரும்பியது. இன்னும் ஐந்து.

காலுக்குக் கீழே மெத்தென்றிருந்தது.

புல் என்று அவனுக்கு உறைக்கவே மூன்று எட்டு ஆகிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. யாரும் கை காட்டவில்லை. கோச் இவன் பக்கம் பார்க்கக்கூட இல்லை, அவர் கண் தங்கத்தின் மேல் இருந்தது. இடது கால், பதினோரு வருஷமாக அந்தக் கோட்டருகே என்ன செய்ததோ, அதைச் செய்துவிட்டது. இவன் திரும்பி ஓடுதளத்தைப் பார்த்தான். தானே முடுக்கிய அலுமினியப் பட்டை குறுக்கே இருந்தது, கணுக்கால் உயரம்கூட இல்லை. அந்தப் பக்கம் மற்றவர்கள் தடதடவென்று போய்க்கொண்டிருந்தார்கள். அடப் பாவி மனுஷா! அப்படியே தாண்டிக் குதித்து ஓடிவிடக் கூடாதா என்று எனக்குச் சொல்லும்போதே பதறுகிறது. ஓடினாலும் செல்லாது, அது அவனுக்குத் தெரியும். கைகளைத் தொங்கவிட்டு நின்றான்.

தங்கம் இரண்டாவதாக வந்தான். மலைக்குப் போகும் முன் ஓடிய நேரத்தைவிட மோசம், ஆனாலும் இடம் கிடைத்துவிட்டது. முதலில் வந்தவனின் நேரத்தைக் கேட்டதும் இன்ஜின் மனதுக்குள் கணக்குப் போட்டான். அவன் ஓடிக்கொண்டிருந்த வேகத்தில், பாட்டுப் பாடலாம் என்றிருந்த அந்த வேகத்திலேயே போயிருந்தால், அந்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே முடித்திருப்பான். கோச் வந்து முதுகில் தட்டினார். “சபாஷ்டா, அருமையா இழுத்த. நல்லவேளை, கடைசில புத்தி வந்து இறங்கிட்ட. நீ ஓடியிருந்தா பையன் இடம் போயிருக்கும்.” அவர் உண்மையாகவே நன்றியோடுதான் சொன்னார். இவன் புத்தி வந்து இறங்கியதாகவே அவர் கடைசிவரை நம்பினார், இன்றைக்கும் நம்புகிறார். தங்கம் ஓடிவந்து கட்டிக்கொண்டு, “அண்ணா, எனக்காக இறங்கிட்டீங்களா?” என்று அழுதான். இல்லை என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

டாக்டரம்மா மட்டும் பக்கத்தில் வந்து அவன் காலையே பார்த்தார். நான்கு வாரம் மலையில் கற்றதை மூன்று வாரத்தில் மறந்துவிடுகிற உடம்பு. பதினோரு வருஷம் படித்ததை மட்டும் விட மாட்டேன் என்கிறது. இதற்கு எந்த ஊசியில் எந்தச் சதையை எடுத்துப் பார்ப்பார் அவர்?

வீட்டுக்குப் பஸ் பிடிக்கலாம் என்றாள் மனைவி. நடக்கலாம் என்றான். ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்தார்கள். கால் கொஞ்சமும் அயரவில்லை, இன்னும் ஓடு ஓடு என்று துடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பாலத்தின் நடுவில் நின்று குழந்தைபோல் விசும்பி அழ ஆரம்பித்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஆளு இறங்கச் சொன்னாரா?”

“இல்ல.”

“அந்தப் பையன் ஏதாவது கேட்டானா?”

“இல்ல. ஒண்ணும் கேக்கல.”

“கால் பிடிச்சுக்கிச்சா? மூச்சு முட்டிச்சா?”

“இல்லம்மா. ஒண்ணுமே இல்ல. நான் இறங்கலை. கால் இறங்கிடுச்சு.”

அவள் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் கை தட்டலாம்னு எழுந்து நின்னுட்டேங்க” என்றாள். “எல்லாரும் என்னைப் பாத்தாங்க. இப்போ யாரைத்தான் திட்டறது நான், சொல்லுங்க?”

இரண்டு பேரும் வீடு வரைக்கும் நடந்தே வந்தார்கள்.